பிரசவத்துக்கு முன் இடுப்புத் தளத் தசைகளைத் தயார் செய்வது: கர்ப்பிணிகள் என்னிடம் கேட்ட கேள்விகள்

திருநெல்வேலியில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். புதன்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறேன். முடிவில் "சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்று தலையாட்டுவார்கள். பிறகு வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்பார். மற்றவர்கள் படியிறங்கும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார். அப்படி வாசலில் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான், கூடுமானவரை கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், ரத்தக்கசிவு இருந்தவர்கள், கர்ப்பவாயில் தையல் போட்டிருப்பவர்கள் முதலில் 12ஆம் பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

1. இடுப்புத் தளம் என்கிறீர்களே, அது எலும்பா, தசையா? எங்கே இருக்கிறது?

தசை. முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பில் தொடங்கி, பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் விரிந்திருக்கும் தசைக் கூட்டம் அது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீர்த் துவாரம், பிறப்புவாய், ஆசனவாய் மூன்றும் இதனூடேதான் வெளியே திறக்கின்றன. மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையைப் புட்டத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உருண்டையாக ஓர் எலும்பு கையை அழுத்தும். அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் இடம்தான் நாம் பேசப்போகும் இடம்.

குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் இந்தத் தசையின் உள்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். கையிலோ காலிலோ உள்ள ஒரு தசையை அந்த அளவுக்கு இழுத்தால் அறுந்துவிடும். கர்ப்ப காலத்தில் உடல் தானாகவே இந்த இடத்தை இளக்கித் தருகிறது. நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை இரண்டு: தாங்குவதற்கான பலத்தைச் சேர்ப்பது, நேரம் வரும்போது தளர்த்தி விடப் பழகுவது. முதலாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்லித் தந்ததில்லை என்றுதான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.

2. எனக்கு எட்டாவது மாதம் முடியப்போகிறது. இனிமேல் தொடங்கிப் பயன் உண்டா?

உண்டு. தசை பலப்பட மூன்று மாதமாவது பிடிக்கும் என்பது உண்மைதான். சிறுநீர்க் கசிவு இல்லாத பெண்கள் கர்ப்பத்தின் முற்பகுதியிலேயே பயிற்சியைத் தொடங்கினால், கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் தளர்த்தப் பழகுவதும், மூச்சைச் சேர்த்துக்கொள்வதும், 10ஆம் பதிலில் வரும் மசாஜும் கடைசி மாதங்களுக்கே உரியவை. அவற்றுக்கு நீங்கள் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள்.

மாதக் கணக்கில் ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. மருத்துவர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள் எண்ணுகிறார். அதை 28 நாளால் வகுத்தால் நம் வீட்டில் சொல்லும் பத்து மாதம் வரும். காலண்டர் மாதத்தில் எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும். ஆகவே கீழே நான் எல்லா இடத்திலும் வாரத்தைத்தான் சொல்கிறேன். உங்கள் வாரம் தெரியாவிட்டால் மகப்பேறு அட்டையில் எழுதியிருக்கும், பாருங்கள்.

3. இறுக்கு இறுக்கு என்கிறீர்கள், எதை இறுக்குவது என்றே புரியவில்லை. சரியாகத்தான் செய்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விருந்தினர் நிறைந்த கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வாயு பிரியப் பார்க்கிறது. அதைப் பிறர் அறியாமல் அடக்குவதுபோல் பின்னால் மெல்லச் சுருக்குங்கள். அதே சுருக்கத்தை முன்பக்கம், சிறுநீரை அடக்குவதுபோல் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து உள்ளுக்குள் மேலே தூக்குங்கள். அவ்வளவுதான். புட்டம் எழும்பக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது.

சென்ற ஆண்டு வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. "தூக்குங்கள்" என்று சொன்னவுடன் கால் கட்டைவிரல்கள் இரண்டும் மடங்கின, தோள்கள் காதருகே ஏறின, பற்கள் கடிபட்டுத் தாடையில் நரம்பு தெரிந்தது. இடுப்புத் தளத்தைத் தவிர மற்ற எல்லாம் வேலை செய்தன. அவரிடம் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதச் சொன்னேன். ஊதிக்கொண்டே தூக்கியபோது கட்டைவிரல்கள் தாமாக நீண்டன. அன்றிலிருந்து எல்லோருக்கும் இதையே சொல்லித்தருகிறேன்: கையில் காற்று படும் வரை மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அளவு இது: தூக்கி 5 நொடி வைத்திருங்கள், பழகப் பழக 10 நொடி வரை கூட்டலாம். பிறகு அதே நேரமோ அதைவிட அதிகமோ முழுவதும் விட்டுவிடுங்கள். இப்படி 8 முறை, நாளுக்கு 3 தடவை. கூடவே தூக்கியவுடன் விடும் வேகமான சுருக்கங்கள் 8. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துச் செய்வது கடைசி மாதங்களில் எளிது. மல்லாந்து நெடுநேரம் படுக்காதீர்கள். கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். எந்தத் தசை என்று ஒருமுறை கண்டுகொள்ள அது உதவலாம், தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தொற்று வர இடமுண்டு.

4. யோகாவில் மூலபந்தம், அஸ்வினி முத்திரை என்று சொல்லித்தந்தார்கள். இதுவும் அதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு. அஸ்வினி முத்திரை ஆசனவாய்ப் பகுதியைச் சுருக்கி விடுவது. மூலபந்தம் அதற்குச் சற்று முன்னால் உள்ள இடத்தை மேலே இழுப்பது. மருத்துவ உலகில் இந்தப் பயிற்சியைப் பரப்பியவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல். 1948இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது கெகல் பயிற்சி என்றே பெயர் பெற்றது. யோகா முறையில் சிலர் மூச்சை உள்ளே நிறுத்திக்கொண்டு பந்தம் பிடிப்பார்கள். கர்ப்பிணிகள் மூச்சை நிறுத்த வேண்டாம். அதை விட்டுவிட்டால் உங்களுக்குப் பழகிய முறையிலேயே செய்யலாம்.

5. இப்படி இறுக்கி இறுக்கிப் பழகினால் அந்த இடம் கெட்டிப்பட்டு, பிரசவம் கஷ்டமாகிவிடாதா?

மிக நல்ல கேள்வி. பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம். நார்வேயில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 301 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. பயிற்சி செய்தவர்களில், ஒரு மணி நேரத்துக்கு மேல் முக்க வேண்டிவந்தவர்கள் மற்றக் குழுவைவிடக் குறைவாகவே இருந்தார்கள். பலமான தசை என்றால் விறைத்த தசை என்று பொருளில்லை. நன்றாகச் சுருங்கத் தெரிந்த தசைக்குத்தான் நன்றாகத் தளரவும் தெரியும்.

ஆனால் உங்கள் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. சுருக்குவதை மட்டும் எண்ணி, விடுவதை எண்ணாமல் போனால் பாதிப் பயிற்சிதான் நடக்கிறது. விடுவதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். கழிப்பறையில் நெடுநேரம் அடக்கிவைத்த சிறுநீர் பிரியத் தொடங்கும் அந்த முதல் நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் எதையும் செய்வதில்லை, ஏதோ ஒன்று கீழே அவிழ்கிறது. அதே அவிழ்தலைப் படுக்கையில் கொண்டுவர வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். வயிறு விரியும்போது இடுப்புத் தளமும் சற்றே கீழிறங்கிப் பரவும். மூச்சை விடும்போது அது தானாக மேலேறும். நாளுக்கு 5 நிமிடம் இதைக் கவனித்தாலே போதும். 36 வாரத்துக்குப் பிறகு தூக்கும் பயிற்சியை நாளுக்கு ஒரு தடவையாகக் குறைத்து, இந்த அவிழ்க்கும் பயிற்சியைக் கூட்டுங்கள் என்றே நான் சொல்வது வழக்கம்.

சிலருக்கு இந்தத் தசை எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்திய உறவில் வலி, உள்பரிசோதனை என்றாலே உடல் மொத்தமும் சுருங்கிக்கொள்வது, சிறுநீர் தொடங்கவே நேரமாவது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படிப்பட்டவர்கள் தூக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு, விடும் பயிற்சியை மட்டும் செய்துகொண்டு, பிசியோதெரபிஸ்டையோ மகப்பேறு மருத்துவரையோ பாருங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். நான் வாசலில் அதிகம் கேட்டிருப்பது இதைத்தான்.

6. எப்படி முக்குவது என்று இப்போதே பழகிப் பார்க்கலாமா? அந்த நேரத்தில் சரியாக முக்கவில்லை என்று திட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பலமாக முக்கிப் பார்க்க வேண்டாம். திசையை மட்டும் பழகலாம். கழிப்பறையில் மலம் கழிக்க உட்காரும்போது தாடையைத் தளர்த்தி, வாயைச் சற்றுத் திறந்து, "ஹா" என்று மூச்சை நீளமாக விடுங்கள். அப்போது ஆசனவாய்ப் பகுதி வெளியே, கீழ்நோக்கிப் புடைக்க வேண்டும். ஐயம் இருந்தால் குளிக்கும்போது விரலை அந்த இடத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். "முக்கு" என்றவுடன் அது உள்ளே இழுக்கிறதா, வெளியே வருகிறதா? பலருக்கு உள்ளே இழுக்கும். வயிறு கீழே தள்ள, தளம் கதவைச் சாத்திக்கொள்கிறது. இது தெரியாமல்தான் பிரசவ அறையில் சிலர் உயிர்போக முக்கியும் குழந்தை இறங்காமல் தவிக்கிறார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணி எண்ணி முக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டுதல், தாய்க்குத் தானாக முக்கல் எழும்போது அதன் போக்கில் விடும்படி ஊக்குவிக்கச் சொல்கிறது. யாரோ வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைக் கீழே தள்ளுவதையும் அதே ஆவணம் பரிந்துரைக்கவில்லை. உங்களைத் திட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

7. ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டு, குனிந்து வீடு பெருக்கு, சுகப்பிரசவம் ஆகும் என்று அத்தை சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே பெற்றார்கள்?

அத்தை சொல்வதில் பொருள் இருக்கிறது. குந்தி உட்கார்ந்து எழுவதும், நடப்பதும், குனிந்து நிமிர்வதும் இடுப்பையும் தொடையையும் இளக்கமாக வைத்திருக்கும். நாள் முழுக்க சோபாவில் சாய்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் தினமும் அரைமணி நேரம் நடங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, நாலைந்து மூச்சு இருந்து, எழுந்திருங்கள். தரையில் உட்கார்ந்து உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களை மெல்ல விரிக்கும் பட்டாம்பூச்சி ஆசனமும் நல்லது. நடக்கும்போதோ படுக்கையில் புரளும்போதோ முன்பக்க இடுப்பெலும்பில் சுருக்கென்று வலிப்பவர்கள் மட்டும் குந்துவதையும் காலை அகட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

"எல்லோரும் அப்படித்தானே பெற்றார்கள்" என்ற பேச்சில்தான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒருநாள் மருமகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா, அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வரை பொறுத்திருந்தார். பிறகு என் மேசைக்கு அருகே வந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, "எனக்கு அடி இறங்கியிருக்கிறது, இருபது வருடமாக. குனிந்தால் கையில் தட்டுப்படும். இதற்கும் பயிற்சி உண்டா?" என்று கேட்டார். நான்கு குழந்தைகளை வீட்டிலேயே பெற்றவர். ஊரில் அவருக்குச் சுகப்பிரசவக்காரி என்று பெயர். இருபது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் பெற்றதை மட்டும் நாம் கேட்டறிந்தோம். பிறகு அவர்கள் சுமந்ததைக் கேட்கவில்லை. கருப்பை இறக்கத்துக்குப் பயிற்சி உண்டு, உள்ளே பொருத்தும் வளையம் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. உங்கள் அத்தையிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

8. இரும்புச்சத்து மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து மலம் கல்லாகப் போகிறது. இதற்கும் இடுப்புத் தளத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு. தினமும் அழுத்தி முக்குவது, தாங்க வேண்டிய தூளியை மேலிருந்து இடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். மூலமும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகையோடு பிரசவ அறைக்குப் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

தண்ணீரைக் கூட்டுங்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை என்று நாளுக்கு ஒன்றாவது சேருங்கள். மேற்கத்தியக் கழிப்பறையானால் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி வைத்து முழங்காலை இடுப்பைவிட உயரமாக வையுங்கள். இந்தியக் கழிப்பறையானால் எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். முக்கும் முறை 6ஆம் பதிலில் இருக்கிறது. அப்படியும் சரியாகாவிட்டால் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மலமிளக்கி சிரப்பை மருத்துவர் எழுதித் தருவார்.

9. தும்மினால், சிரித்தால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறது. இந்த மாதத்தில் எல்லோருக்கும் இருப்பதுதானே?

பலருக்கு இருக்கிறது. அதனாலேயே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் 3ஆம் பதிலில் சொன்னபடி ஒருமுறை தூக்கிப் பிடித்துக்கொண்டு தும்முங்கள். சில வாரத்தில் உடல் தானாகவே செய்யப் பழகிவிடும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். இருமாமல் தும்மாமல், உட்கார்ந்திருக்கும்போதே ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால், சிறுநீர் வாடை இல்லாமல் இருந்தால், பனிக்குட நீராக இருக்கலாம். துணியை மாற்றிச் சுத்தமான பேடு வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீர் பச்சையாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

10. கடைசி மாதத்தில் கீழே எண்ணெய் போட்டு மசாஜ் செய்ய வேண்டுமாமே? உண்மையா? வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை.

உண்மை. பிறப்புவாய்க்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை 34 அல்லது 35 வாரத்திலிருந்து மெல்ல இழுத்துப் பழக்குவது. நான்கு ஆய்வுகளில் கலந்துகொண்ட 2,497 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வில், முதல் முறை பெறுபவர்களில் ஏறக்குறைய 15 பேர் இதைச் செய்தால் ஒருவருக்குத் தையல் தவிர்க்கப்படுகிறது என்று தெரியவந்தது. முன்பே சுகப்பிரசவம் ஆனவர்களுக்குத் தையல் குறையவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்தும் நீடிக்கும் வலி குறைந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

செய்யும் முறை: சிறுநீர் கழித்துவிட்டு, வெந்நீரில் குளித்தபின், நகம் வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையணைகளில் சாய்ந்து முழங்கால்களை மடித்து விரித்துக்கொள்ளுங்கள், அல்லது நின்றபடி ஒரு காலை முக்காலியில் வையுங்கள். வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். கட்டைவிரலை பிறப்புவாய்க்குள் 3 செ.மீ. அளவு நுழைத்து, பின்னால் ஆசனவாயை நோக்கி அழுத்துங்கள். எரிவதுபோல் ஒரு இழுவை தெரியும். அங்கேயே ஒரு நிமிடம் நிறுத்தி, 5ஆம் பதிலில் சொன்ன அவிழ்க்கும் மூச்சை விடுங்கள். பிறகு விரலை "ப" என்ற எழுத்தை எழுதுவதுபோல் ஒரு பக்கத்திலிருந்து அடிப்பக்கம் வழியாக மறுபக்கம் கொண்டுபோய் அதே வழியில் திருப்புங்கள். மேல்பக்கம் சிறுநீர்த் துவாரம் இருப்பதால் அங்கே அழுத்தக் கூடாது. மொத்தம் 5 நிமிடம்.

வயிறு மறைத்துக் கை எட்டாது. அப்போது கணவர் உதவலாம், உங்களுக்கு மனம் ஒப்பினால் மட்டும். தாய்வீட்டில் இருப்பவர்களுக்கு அது முடியாது. அவர்கள் கால் தூக்கி நிற்கும் முறையைப் பார்க்கலாம். எனக்கு இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த இழுவை வரும்போது உடல் சுருங்கப் பார்க்கும், அதைச் சுருங்க விடாமல் மூச்சால் அவிழ்ப்பதுதான் இதன் பெரிய பலன் என்று என் அனுபவத்தில் நினைக்கிறேன். குழந்தையின் தலை வந்து அழுத்தும்போது அந்த எரிச்சல் உங்களுக்குப் புதிதாக இருக்காது. செய்யப் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை.

11. இதையெல்லாம் செய்தால் கத்திரி, தையல் எதுவும் இல்லாமல் பெற்றுவிடலாமா?

உறுதி தர முடியாது. முதல் முறை சுகப்பிரசவம் ஆகும் பெண்களில் 10இல் 9 பேருக்குச் சிராய்ப்போ கிழிசலோ வெட்டோ ஏதாவது ஒன்று ஏற்படுகிறது என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்கிறது. பெரும்பாலானவை தோலோடும் மேல்தசையோடும் நின்றுவிடும். சில வாரத்தில் ஆறிவிடும். ஆசனவாய்த் தசை வரை போகும் கிழிசல்தான் கவலைக்குரியது. பிரிட்டனில் முதல் பிரசவத்தில் 100இல் 6 பேருக்கு அது நேர்கிறது.

எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறல், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய நிலை என்றால் வெட்டு தேவைப்படலாம், அப்போது தடுக்கவும் கூடாது. முன்கூட்டியே மருத்துவரிடம் "தேவைப்பட்டால் மட்டும் வெட்டுங்கள், சொல்லிவிட்டு வெட்டுங்கள்" என்று கேளுங்கள். தலை வரும் நேரத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் வைப்பது ஆழமான கிழிசலைக் குறைக்கிறது. செலவில்லாத காரியம். அதையும் கேட்டுப் பாருங்கள். "முக்காதே, ஊது" என்று சொல்லும்போது மெழுகுவத்தியை ஊதுவதுபோல் சிறு சிறு மூச்சாக ஊதினால் தலை மெல்ல வெளியே வரும்.

12. யார் யார் இவற்றைச் செய்யக் கூடாது?

நஞ்சுக்கொடி கர்ப்பவாயை ஒட்டியோ மூடியோ இருப்பவர்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், குறைமாதத்தில் வலி வந்து நின்றவர்கள், கர்ப்பவாயில் தையல் உள்ளவர்கள் மசாஜும் ஆழமாகக் குந்துவதும் அறவே வேண்டாம். மற்றப் பயிற்சிகளையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே செய்ய வேண்டும். அரிப்போடு வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பில் கொப்புளம் இருந்தால் அவை ஆறும் வரை மசாஜ் கூடாது. பயிற்சியின் நடுவே வயிறு திரும்பத் திரும்ப இறுகினாலோ தலை சுற்றினாலோ நிறுத்துங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

13. எனக்கு சிசேரியன் என்று தேதியே குறித்துவிட்டார்கள். எனக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே இது வகுப்பில் பாதிப்பேரின் கேள்வி. ஒன்பது மாதம் பாரத்தைத் தாங்கியது உங்கள் இடுப்புத் தளமும்தான். சிசேரியன் ஆனவர்களுக்குக் கசிவும் கருப்பை இறக்கமும் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 3ஆம் பதிலில் உள்ளதைச் செய்யுங்கள், மசாஜ் தேவையில்லை.

14. முதல் பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிந்து, ஆபரேஷன் தியேட்டரில் தையல் போட்டார்கள். இப்போது இரண்டாவது. மறுபடியும் சுகப்பிரசவத்துக்குப் போகலாமா?

இதை மூன்றாம் அல்லது நான்காம் நிலைக் கிழிசல் என்பார்கள். பலர் மீண்டும் சுகப்பிரசவமாகவே பெறுகிறார்கள். ஆனால் முடிவை உங்கள் இப்போதைய நிலையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வாயு அடக்க முடிகிறதா, மலம் கசிகிறதா, அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கசிவு இருந்தால், அல்லது ஆசனவாய்த் தசையைக் காட்டும் ஸ்கேனில் குறை தெரிந்தால், சிசேரியன் ஒரு நியாயமான தேர்வு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இந்தப் பேச்சு வலி வந்தபின் நடக்கக் கூடாது, 34 வாரத்துக்கு முன்பே நடக்க வேண்டும்.

15. தேதி நெருங்கும்போது விளக்கெண்ணெய் குடித்தால் எல்லாம் இளகி வலி வந்துவிடுமா?

வேண்டாம். இடுப்புத் தளத்தை அது இளக்குவதில்லை. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பும் நீரும் வீணாகும்.

16. குழந்தை பிறந்தபின் எப்போது மறுபடி தொடங்கலாம்? வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்களே, கட்டலாமா?

சிறுநீர் போக வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்து, தானாகச் சிறுநீர் கழித்தபின், மறுநாளே மெல்லத் தொடங்கலாம், தையல் இருந்தாலும்தான். முதலில் ஒன்றும் தெரியாது. அந்த இடமே இல்லாததுபோல் இருக்கும். அது இயல்பு. இரண்டு மூன்று நொடித் தூக்கலே போதும். மலம் கழிக்கும்போது தையல் பிரிந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் சுத்தமான பேடை மடித்து அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம்.

வயிற்றைத் தளர்வாகக் கட்டுவது முதுகுக்கு இதமாக இருக்கும். மூச்சு முட்டும்படி இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, களைத்துப்போன தூளியின் மேல் விழும். கட்டியபின் நன்றாக மூச்சு இழுக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் அவிழ்த்துவிடுங்கள். ஆறு வாரம் தண்ணீர்க் குடம், நனைந்த துணி வாளி தூக்க வேண்டாம். மூன்று மாதம் ஆகியும் கசிவோ, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற பாரமோ இருந்தால் காட்டிவிடுங்கள். 7ஆம் பதிலில் வந்த அம்மாவைப்போல் இருபது வருடம் காத்திருக்க வேண்டாம்.

17. வலி வந்தவுடன் இதெல்லாம் மறந்துவிடாதா?

மறந்துவிடும். அதனால் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்கிறேன்: தாடை. தாடை இறுகும்போது பெரும்பாலும் கீழேயும் இறுகும். பல்லைக் கடிக்காமல் வாயைத் தளர விட்டு, தொண்டையின் அடியிலிருந்து "ஹா" என்று விட்டால் மற்றவை பின்தொடரும்.

அதையும் நீங்களே நினைவு வைக்க வேண்டியதில்லை. பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அறிவுறுத்தியிருக்கிறது. யார் வரப்போகிறார்கள் என்று இப்போதே முடிவுசெய்து அவரை ஒருமுறை வகுப்புக்குக் கூட்டிவாருங்கள். 3ஆம் பதிலில் சொன்னேனே, கட்டைவிரலை மடக்கிய அந்தப் பெண், அவர் தன் அம்மாவைக் கூட்டிவந்தார். பிரசவத்தன்று நான் அந்த வழியாகப் போனபோது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. மகளின் கன்னத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "தாடையை விடு கண்ணு, தாடையை விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வாயைத் திறந்து மூச்சை விட்டாள். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன.